அடைப்பைக் கழற்றலாமா, நீக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றின் பயன்பாட்டுக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. மொத்தமே 24 பக்கங்கள்தான், அவற்றிலும் பாதி இடத்தைப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடித்தும் விட்டேன். அச்சுக்குப் போகுமுன் அதை வாசித்துப் பார்க்கும் பொறுப்பு பம்பு மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், வடிகால் அடைப்பை அகற்றிட்டு மோட்டாரைப் போடணும்னு எழுதியிருக்கீங்க. அப்படிப் போட்டா தண்ணி நம்ம காலிலதான் சார் ஊத்தும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். வடிகால் குழாயில் குப்பையோ மண்ணோ அடைத்துக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிட்டுப் பம்பை இயக்க வேண்டும் என்பதே அந்த வரியின் பொருள். அதை ‘வடிகால் அடைப்பை அகற்றிய பின் பம்பை இயக்கவும்’ என்று எழுதியிருந்தேன். தனியாகப் படித்தால் அந்த வாக்கியத்தில் தவறில்லை. ஆனால் அதற்கு மூன்று பக்கங்களுக்கு முன்னால், பம்பின் அடிப்புறத்தில் உள்ள துளையை மூடியிருக்கும் திருகுமூடியை, அதாவது ஆங்கிலத்தில் ‘டிரைன் பிளக்’ எனப்படுவதை, படத்தில் அம்புக்குறி போட்டு ‘வடிகால் அடைப்பு’ என்று நானே பெயரிட்டிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டுப் பிற்பாடு இந்த வரிக்கு வருகிறவர் திருகுமூடியைத்தான் கழற்றுவார். ஆங்கிலத்தில் ஒன்று ‘பிளக்’, மற்றொன்று ‘பிளாக்கேஜ்’. ஒன்று இருக்க வேண்டியது. மற்றொன்று இருக்கக் கூடாதது. இரண்டுக்கும் நான் ஒரே பெயரை வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து, துளையையும் வழியையும் ஓட்டத்தையும் மூடுவதற்கும் மறிப்பதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களைக் கண்ட இடத்தில் எல்லாம் நின்று கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

முதலில் நம் சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் வழுக்கி விழுந்தது அங்கேதான். ‘அடை’ என்ற வினை தமிழில் ஓயாமல் உழைக்கும் சொற்களில் ஒன்று. கதவை அடைக்கிறோம், ஓட்டையை அடைக்கிறோம், கடனை அடைக்கிறோம், குற்றவாளியைச் சிறையில் அடைக்கிறோம். மூக்கு அடைக்கிறது, துக்கத்தில் தொண்டை அடைக்கிறது, பசி காதை அடைக்கிறது. இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வினை வேண்டும். அவற்றுள் கடனுக்கும் பசிக்கும் வரும் வினைகளில் மூடுதல் என்ற எண்ணமே இராது. ஆகவே ஆங்கிலத்தில் சொல்வளம் அதிகம் என்றும் தமிழ் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறது என்றும் எண்ணத் தோன்றும். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணினேன். அது தவறான முடிவு. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆங்கிலச் சொற்களில் மிகத் தெளிவான குணம் கொண்டது ‘பிளக்’. தமிழ்ப் பேச்சில் இது மின்சாரத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக்கைச் சொருகு, பிளக்கைப் பிடுங்கு என்பதற்கு மேல் நமக்கு அதோடு உறவில்லை. அதனால்தான் கை கழுவும் தொட்டியின் பிளக்கை எடுக்கச் சொல்லும் ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது ஒரு கணம் நம் கண் சுவரில் உள்ள சுவிட்சைத் தேடுகிறது. டச்சு மொழி வழியாக வந்த இச்சொல்லின் பழைய பொருள் முளை, அதாவது துளைக்குள் செருகும் மரத்துண்டு. துளை ஒன்று இருக்கிறது, அதன் அளவுக்குப் பொருந்தும் ஒரு பொருள் இருக்கிறது, அதை வேண்டுமென்றே உள்ளே வைக்கிறோம், வேண்டும்போது எடுக்கிறோம் என்ற நான்கும் சேர்ந்த இடத்தில்தான் இச்சொல் இயல்பாக உட்காரும். எஞ்சினில் உள்ள ‘ஸ்பார்க் பிளக்’ சிலிண்டர் தலையில் உள்ள துளையை உண்மையிலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பெயர் மின்சாரத்தால் மட்டும் வந்ததன்று என்பது விளங்கும். ஒரு நூலை நண்பர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி விளம்பரப்படுத்துவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பார்கள். பேச்சின் இடைவெளியில் செருகப்படுவது என்று நான் அதை நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

‘கிளாக்’ இதற்கு நேர் எதிர். தமிழ் எழுத்தில் எழுதினால் கடிகாரத்திலிருந்து இதைப் பிரித்தறிய வழியில்லை. நான் சொல்வது குழாய் அடைத்துக்கொள்வதைக் குறிக்கும் சொல். ஓடாமல் இருப்பதற்காக விலங்கின் காலில் கட்டும் மரக்கட்டை என்பது இதன் பழைய பொருள். மரத்தாலான காலணிக்கும் இதே பெயர் உண்டு. இன்று இச்சொல்லில் முதன்மையாக இருப்பது காலம். தலைமுடியும் சோப்புக் கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒருநாள் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போது அந்தக் குழாயை இச்சொல்லால் குறிப்பிடுவார்கள். அதில் யாருடைய எண்ணமும் இல்லை. தோலின் நுண்துளைகள், காற்று வடிகட்டி, இங்க் பிரிண்டரின் தலை ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பூட்டப்பட்ட கதவுக்கும் வழியில் விழுந்த பாறைக்கும் பொருந்தாது.

பாறைக்கு வருவது ‘பிளாக்’. இதுவும் மூலத்தில் மரக்கட்டைதான்; வெட்டிய அடிமரத்தைக் குறித்த சொல். (கறுப்பு, கள்ளச்சந்தை, கைபேசியில் ஒருவரைத் தடுத்துவைத்தல், குடியிருப்புத் தொகுதி, வலைப்பூ ஆகிய ஐந்தும் தமிழ்ப் பேச்சில் ‘பிளாக்’ என்ற ஒரே ஒலியாகிவிட்டதை யாராவது தனியாக எழுத வேண்டும்.) இச்சொல்லுக்குத் துளை தேவையில்லை, வழி தேவை. வழியின் குறுக்கே ஒன்று நிற்கிறது, அதனால் எதுவும் போக முடியவில்லை. அது தானாக வந்து நின்றாலும், வேண்டுமென்று நிறுத்தப்பட்டாலும் சொல் மாறாது.

2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்ற 400 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகத் திரும்பிக் கரையில் முட்டி நின்றது. 29 ஆம் தேதி அதை மிதக்கவைக்கும்வரை கால்வாய் ‘பிளாக்’ ஆகிவிட்டது என்று ஆங்கிலச் செய்திகள் எழுதின. ஒரே ஒரு பொருள் ஒரே நொடியில் வழியை மறித்ததால், மெல்லச் சேர்வதைச் சொல்லும் ‘கிளாக்’ அந்தக் கப்பலுக்கு இயல்பான சொல்லாக இருந்திருக்காது. அதே வேளையில், இருபுறமும் வரிசையில் காத்துக்கிடந்த நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு ‘ஜாம்’, ‘கஞ்செஷன்’ போன்ற சொற்கள் பொருந்தும், ஏனென்றால் அங்கே மறித்து நிற்பது ஒன்றன்று. பல சேர்ந்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. மறிப்பது ஒன்று என்றால் ஒரு சொல், நெருக்கத்தாலேயே எல்லாம் நின்றுபோனால் வேறொரு சொல் என்ற இந்தப் பிரிவை ஆங்கிலம் கிட்டத்தட்டத் தவறாமல் காப்பாற்றுகிறது. மேசை இழுப்பறை திறக்க வராமல் மாட்டிக்கொள்வதற்கும் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொள்வதற்கும் ‘ஜாம்’ வருவதும் இந்த நெருக்கம், இறுக்கம் என்ற எண்ணத்தால்தான்.

இதுவரை சொன்னவை எல்லாம் துளையையும் வழியையும் பற்றியவை. ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் சொற்களும் இருக்கின்றன; மொழிபெயர்ப்பவர் அதிகமாகத் தடுமாறுவது இவற்றில்தான். ‘ஸ்டெம்’ என்ற வினைக்குச் செயப்படுபொருளாகக் குழாயையோ துளையையோ வைத்தால் வாக்கியம் நொண்டும். இரத்தப்போக்கு, வெள்ளம், கூட்டத்தின் வருகை, இழப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றே வர வேண்டும். இதில் இன்னொரு குழியும் இருக்கிறது. ‘ஸ்டெம் ஃப்ரம்’ என்று வந்தால் ஒன்றிலிருந்து தோன்றுதல் என்று பொருள். பார்ப்பதற்கு ஒரே சொல்லின் இரு முகங்கள் போல இருந்தாலும், தடுப்பது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. தோன்றுவது செடியின் தண்டைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. இரத்தம் நிற்கச் செய்வதற்கு வரும் ‘ஸ்டான்ச்’ அல்லது ‘ஸ்டாஞ்ச்’ என்ற சொல்லோ, ஓட்டம், காயம் இரண்டையும் ஏற்கும். அதன் பெயரடை வடிவம் முன்பு நீர் புகாத கப்பலைக் குறித்தது. அங்கிருந்து நகர்ந்துதான் அசைக்க முடியாத ஆதரவாளரைக் குறிக்கத் தொடங்கியது. நீர் கசியாத கப்பலும் கட்சி மாறாத தொண்டரும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்தக் குடும்பத்தில் நான் மிகவும் வியந்த சொல் ‘ஸ்டாப்’. பேருந்து நிற்கும் இடம், வாக்கியம் முடியும் புள்ளி, ஓட்டப்பந்தய நேரம் அளக்கும் கடிகாரம் என்று எங்கும் நிறைந்திருக்கும் இச்சொல்லின் முதற்பொருள் நிறுத்துதல் அன்று, துளையை அடைத்தல். இலத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்றால் சணல்நாரின் கழிவு, சிக்குநார். அந்த நாரைத் திணித்து ஓட்டையை அடைப்பதற்கு அதிலிருந்தே ஒரு வினை பிறந்தது. ஜெர்மானிய மொழிகள் அதைக் கடன் வாங்கின; பழைய ஆங்கிலத்திலும் அது அடைத்தல் என்ற பொருளில்தான் வழங்கியது. துளையை அடைத்தால் ஓட்டம் நிற்கும், ஆகவே ஓட்டத்தை நிறுத்துதல் என்ற பொருள் வந்தது. ஓட்டத்தை நிறுத்துவது எந்த இயக்கத்தையும் நிறுத்துவதாக விரிந்தது. கடைசியில், யாரும் தடுக்காமலேயே ஒருவர் தாமாக நிற்பதும் அதே சொல்லாயிற்று. நடந்துகொண்டிருப்பவர் நின்றார் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, ஓட்டையில் திணித்த ஒரு பிடி நார் அந்த வினையின் அடியில் கிடக்கிறது.

பழைய பொருள் அழிந்துவிடவும் இல்லை. காதைப் பொத்திக்கொள்வதற்கும், சீசாவின் மூடிக்கும், குழாயின் நடுவே நீரை அடைக்கும் ‘ஸ்டாப்காக்’ என்ற திருகுக்கும் இன்றும் அதுவே பெயர். பல் ஓட்டையை அடைப்பதைப் பிரிட்டனில் பழைய தலைமுறையினர் ‘ஸ்டாப்பிங்’ என்பார்கள். தேவாலய ஆர்கன் இசைக்கருவியில் குழல்வரிசைகளுக்குக் காற்றுப் போகாமல் மறிக்கும் இழுப்புக் குமிழ்கள் உண்டு. அவற்றுக்கும் ‘ஸ்டாப்’ என்றே பெயர். எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டால் கருவி முழு வலிமையோடு முழங்கும். முழு முயற்சியோடு ஒரு காரியத்தில் இறங்குவதைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர் அங்கிருந்து வந்தது. ‘ஸ்டாப்’ என்ற சொல்லைக் கண்டதும் நிறுத்துதல் என்றே மொழிபெயர்க்கப் பழகிய ஒருவர் இந்தத் தொடரை எல்லா நிறுத்தங்களையும் பிடுங்கினார் என்று எழுதிவிடக் கூடும். நாமோ ‘மடை திறந்த வெள்ளம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அடைத்திருந்ததைத் திறந்தால் வரும் பெருக்கு என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

ஒலியியலிலும் இந்தச் சொல் பொருத்தமான இடத்தில் இருக்கிறது. ‘அப்பா’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப்’ வரும்போது உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு வாய்க்குள்ளேயே நிற்கிறது, உதடு பிரியும்போது வெளிவருகிறது. இப்படி மூச்சை முழுவதும் அடைத்துப் பிறக்கும் மெய்களை ஆங்கில ஒலியியலார் ‘ஸ்டாப்’ என்றே வகைப்படுத்துகிறார்கள். நிறுத்தொலி என்பதைக் காட்டிலும் அடைப்பொலி என்பதே அதன் மூலப்பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

நாரைத் திணிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் இன்னும் நுட்பமான ஒரு சொல்லும் இருக்கிறது. எழுத்தில் நடுவே ‘ல்’ இருந்தாலும் பெரும்பாலோர் வாயில் அது ‘காக்’ என்றே ஒலிக்கும். மரக்கப்பலின் பலகைகளுக்கு இடையே உள்ள நீண்ட இடுக்கில், பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த தார் பூசிய நாரை உளி போன்ற ஓர் இரும்பாலும் மரச்சுத்தியாலும் அடித்து இறக்கி, மேலே உருக்கிய கீலை ஊற்றுவார்கள். அதற்கான நாரைப் பிரிக்கும் வேலை 19 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சிறைக்கைதிகளுக்கும் ஏழைவிடுதியில் அடைக்கலம் புகுந்தோருக்கும் தரப்பட்டது. விரல் நுனிகள் புண்ணாகும் வேலை. இச்சொல்லின் மூலம் மிதித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. மிதித்து அமுக்குவதுபோல் நாரை அழுத்தித் திணிப்பதால் வந்தது. இன்று குளியலறைச் சுவரும் தொட்டியும் சேரும் கோட்டில் குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் பசைக்கும் இதுவே பெயர். துளையன்று, நீளமான இடுக்கு என்றால்தான் இந்தச் சொல் வரும்.

‘சீல்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே ஏற்பட்ட கதி வேறு. அலுவலகங்களில் ‘சீல் குத்து’ என்கிறோம். மையில் தோய்த்துக் குத்தும் அந்த ரப்பர் முத்திரையை ஆங்கிலேயர் ‘ஸ்டாம்ப்’ என்பார்கள். கட்டடத்துக்குச் ‘சீல் வைத்தார்கள்’ என்கிறோம். இது ஆங்கில வழக்கோடு ஓரளவு ஒத்துப்போகிறது. இலத்தீனில் அடையாளத்தைக் குறிக்கும் சொல்லின் சிறுமை வடிவமே இதன் மூலம். ஆக, தொடக்கத்தில் இது முத்திரைதான். மூடுதல் பின்னால் வந்தது. மடித்த கடிதத்தின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி அதில் மோதிரத்தை அழுத்தினால், எழுதியவர் யார் என்பதும் தெரியும், இடையில் யாராவது திறந்தார்களா என்பதும் தெரியும். அதனால்தான் இன்றும் இச்சொல்லில் வெறும் மூடுதலைவிட ஒரு படி கூடுதலான உறுதி இருக்கிறது. மூடியவற்றைத் திறந்து மூடலாம். ‘சீல்’ செய்ததைத் திறந்தால் அது உடையும். ஒப்பந்தம் உறுதியாவதற்கும் ஒருவரின் விதி முடிவாவதற்கும் ஆங்கிலத்தில் இந்த வினை வருவது இந்த உறுதியால்தான். கடலில் வாழும் சீல் என்ற விலங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது வேறு பழைய ஆங்கிலச் சொல்.

பொறியியலில் ‘சீல்’ என்பது இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் காற்றோ நீரோ கசியாமல் காப்பது. ‘பிளக்’ துளையை நிரப்புகிறது. ‘சீல்’ இணைப்பைக் காக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். வலப்புறத் திட எரிபொருள் ராக்கெட்டின் இரு பகுதிகள் சேரும் மூட்டில் இருந்த ‘ஓ ரிங்’ எனப்படும் ரப்பர் வளையங்கள் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே நிரப்ப முடியாமல்போனதுதான் காரணம். விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பரை ஒரு இடுக்கியில் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் முக்கியெடுத்து, இடுக்கியைத் தளர்த்திய பிறகும் அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அதை ‘அடைப்பு வளையம்’ என்று தமிழில் எழுதினால் ஏதோ வழியை மறிக்கும் வளையம் போலத் தோன்றும். கசிவுத்தடுப்பு வளையம் என்றால் வேலை விளங்குகிறது. மெக்கானிக்குகள் ‘சீல்’ என்றே சொல்கிறார்கள், அதுவும் சரியே.

‘கார்க்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தக்கை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. ஒன்று மட்டும்: ஒரு திராட்சை மதுவைக் ‘கார்க்டு’ என்று சொன்னால் தக்கையிட்டது என்பதைக் காட்டிலும், தக்கையிலிருந்து வந்த வேதிப்பொருளால் வாடை கெட்டுப்போனது என்றே பெரும்பாலும் பொருள். 1665 இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் தெரிந்த சிற்றறைகளுக்குத்தான் ‘செல்’ என்று பெயரிட்டார் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று எங்கே கைமாறுகின்றன என்பதைப் பார்க்க 2010 இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததைப் போன்ற எடுத்துக்காட்டு எனக்கு வேறு கிடைக்கவில்லை. ஏப்ரல் 20 அன்று ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தனர். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், கடலடியில் இருந்த எண்ணெய்க் கிணறு பீறிட்டுக்கொண்டே இருந்தது. முதல் வாரங்களில் நோக்கம் ஓட்டத்தைக் குறைப்பது, அதற்கு ‘ஸ்டெம்’. மே மாத இறுதியில் கனமான சேற்றுக் கலவையை மேலிருந்து அழுத்தி இறக்கிப் பார்த்தார்கள். கூடவே கோல்ஃப் பந்துகளையும் டயர்த் துண்டுகளையும் உள்ளே செலுத்தினார்கள். அந்தக் குப்பை கிணற்று வாயில் இருந்த பழுதான தடுப்புக் கருவியைக் ‘கிளாக்’ செய்ய வேண்டும் என்பது திட்டம். அடைத்துக்கொள்வதில் யாருடைய எண்ணமும் இல்லை என்று மேலே சொன்னேன். இங்கே எண்ணத்தோடு அந்த வினை வருகிறது. ஆனாலும் காரணமில்லாமல் வரவில்லை. துளைக்கு அளவெடுத்துச் செய்த மூடியாக இருந்தால் ‘பிளக்’ என்றிருப்பார்கள். குப்பையைக் கொட்டி அது தானாகச் சிக்கிக்கொள்ளட்டும் என்று விட்டதால் குழாய் அடைப்பின் சொல்லே வந்தது. அந்த முயற்சி பலிக்கவில்லை. ஜூலை 15 அன்று மேலே ஒரு கனத்த மூடியைப் பொருத்தி ஓட்டத்தை நிறுத்தினார்கள், அது ‘கேப்’. பிறகு சேற்றையும் சிமென்ட்டையும் உள்ளே இறக்கினார்கள், அதில்தான் ‘பிளக்’. செப்டம்பர் 19 அன்று கிணறு நிரந்தரமாகச் ‘சீல்’ ஆனதாக அறிவிக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் ஐந்து வினைகள். இவை எல்லாவற்றையும் ‘அடைத்தனர்’ என்றே எழுதினால், ஜூலையிலேயே அடைத்துவிட்டதை ஏன் செப்டம்பரில் மறுபடி அடைத்தார்கள் என்று வாசகர் கேட்பார்.

மருத்துவத்தில் இந்தக் கவனக்குறைவு இன்னும் அதிகமாக இருக்கிறது. ‘மாரடைப்பு’ மிக நல்ல சொல். ஆங்கிலம் அதைத் தாக்குதல் என்ற பொருளில் சொல்கிறது. தமிழ் என்ன நடந்தது என்பதையே சொல்லிவிடுகிறது. மருத்துவர்கள் எழுதும் ‘இன்ஃபார்க்ஷன்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலமும் திணித்தல்தான். இரத்தக்குழாயில் போய்ச் சிக்கும் கட்டிக்கு வரும் ‘எம்போலஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஆப்பு, செருகு என்றே பொருள். சிக்கல் எங்கே என்றால், ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பதையும் செய்தித்தாள்கள் மாரடைப்பு என்றே எழுதிவிடுகின்றன. மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டாவதில் இதயத்தின் துடிப்பே செயலற்றுப்போகிறது. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம், ஆனால் ஒன்றல்ல. ‘ஸ்டாப்’ என்ற சொல் ஒரு காலத்தில் தாண்டிவந்த அதே கோட்டை, அடைபடுவதற்கும் நின்றுபோவதற்கும் இடையே உள்ள கோட்டை, இங்கே அழிக்கக் கூடாது.

வினையோடு வரும் குட்டிச் சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘பிளாக் அப்’ என்றால் முழுவதும் அடைத்தல். சன்னலைச் செங்கல் வைத்து மூடுவது போல. ‘பிளாக் ஆஃப்’ என்றால் ஒரு பகுதியைத் தனியே பிரித்து மறித்தல். ‘பிளாக் அவுட்’ என்றால் வெளிச்சமோ இரைச்சலோ உள்ளே வராமல் தடுத்தல். மூன்றிலும் வினை ஒன்று, வாலில்தான் வேறுபாடு.

வால் என்று எழுதியபோதுதான் என் பழைய தவறு எனக்கு முழுமையாக விளங்கியது. தமிழும் இதே வேலையை வினையின் வாலில்தான் செய்கிறது, இன்னும் நுட்பமாகவே செய்கிறது. குழாய் அடைத்துக்கொண்டது என்றால் தானாக நடந்தது, யாரும் விரும்பாதது. ஆங்கிலத்தின் ‘கிளாக்’ அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடுகிறது. ஓட்டையை அடைத்துவிட்டார் என்றால் வேண்டுமென்று செய்து முடித்த வேலை. அடைத்துவைத்தார் என்றால் பிறகு திறக்கும் எண்ணம் உண்டு. அடைபட்டது என்றால் வெளியிலிருந்து வந்த தடை. தூர்ந்துபோனது என்றால் ஆண்டுக்கணக்கில் மண் சேர்ந்தது. கொள், விடு, வை, படு, போ என்ற துணைவினைகள் எண்ணத்தையும் காலத்தையும் விருப்பத்தையும் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலம் வேரை மாற்றுகிறது. நாம் வாலை மாற்றுகிறோம். ‘அடைப்பு’ என்று அதைப் பெயர்ச்சொல்லாக்கும்போது அந்த வால் அறுந்துவிடுகிறது. விரும்பி வைத்ததும் வேண்டாமல் சேர்ந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. கையேட்டுத் தமிழுக்கும் அறிக்கைத் தமிழுக்கும் பெயர்ச்சொற்களின் மேல் இருக்கும் அளவற்ற பற்றுதான், மொழியிலேயே இல்லாத ஒரு வறுமையை மொழியின் மேல் சுமத்துகிறது.

மெக்கானிக்கிடம் அன்று மாலையே திரும்பப் பேசினேன். திருகுமூடிக்கு ‘வடிகால் செருகுமூடி’ என்று ஒரு சொல்லை ஆக்கி, அவரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஸ்பேனரைக் கையில வெச்சிருக்கிறவன் அதை டிரைன் பிளக்னுதான் சார் தேடுவான்.”

அவர் சொன்னது சரி. படத்தில் அம்புக்குறிக்கு எதிரே ‘டிரைன் பிளக்’ என்று போட்டேன். பழுது நீக்கும் பகுதியில் அந்த வரியை இப்படி மாற்றினேன்: ‘வடிகால் குழாயில் மண்ணோ குப்பையோ அடைத்துக்கொண்டிருந்தால் அதைச் சுத்தம் செய்யவும். டிரைன் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பம்பை இயக்கவும்.’ ஒரு வாக்கியம் இரண்டாயிற்று, பக்கத்தில் இடம் போதவில்லை. கீழே இருந்த படத்தைச் சற்றுச் சிறிதாக்க வேண்டியிருந்தது.